ஓட்டுநர் உரிமத் தற்காலிக நிறுத்தமும் சட்ட உதவியும்

ஓட்டுநர் உரிமத் தற்காலிக நிறுத்தம் என்பது, மோட்டார் வாகனம் ஓட்டுவதற்காக ஒருவருக்கு அளிக்கப்பட்ட உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லாததாக்கும் அரசு நடவடிக்கையாகும். பேச்சு வழக்கில் இதனை ‘லைசென்ஸை சஸ்பெண்ட் செய்தல்’ என்பர். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும், அந்தந்த மாநில விதிகளும் இதனை நெறிப்படுத்துகின்றன. 2019ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் இந்த நடவடிக்கையைக் கடுமையாக்கியது.

சொந்த வேலைக்காக இருசக்கர வாகனம் ஓட்டுபவருக்கு உரிமம் மூன்று மாதம் இல்லாமற் போவது ஓர் இடையூறு. ஆட்டோ, வாடகைக் கார், லாரி, பேருந்து ஓட்டிப் பிழைப்பவருக்கோ அது மூன்று மாதச் சோறு. மறுபக்கம், குடித்துவிட்டு ஓட்டுபவரையும் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்பவரையும் சாலையிலிருந்து விலக்கி வைப்பது பிறர் உயிரைக் காக்கும் செயல். இவ்விரண்டையும் மனத்தில் வைத்தே சட்டம் ஒரு நடைமுறையை வகுத்துள்ளது. அந்த நடைமுறை என்ன, அது மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களும் பொருளும்

இத்துறையில் நான்கு சொற்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

கைப்பற்றுதல்: காவல் அலுவலர் உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்வது. இது நிறுத்தம் ஆகாது. அதற்கு முந்தைய படி மட்டுமே.

தற்காலிக நிறுத்தம்: உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குச் செயலற்றுப் போவது. காலம் முடிந்தபின் உரிய நிபந்தனைகளை நிறைவேற்றினால் மீண்டும் உயிர்பெறும்.

தகுதியிழப்பு: குறிப்பிட்ட காலம் வரை உரிமம் வைத்திருக்கவோ புதிதாகப் பெறவோ கூடாது என்று உத்தரவிடுவது. சட்டத்தின் 19, 20ஆம் பிரிவுகள் இச்சொல்லையே பயன்படுத்துகின்றன. நாம் ‘சஸ்பென்ஷன்’ என்று சொல்வது பெரும்பாலும் இதனைத்தான்.

ரத்து: உரிமத்தை முற்றாக நீக்கிவிடுவது.

கையில் வந்த உத்தரவு இந்நான்கில் எது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த அதிகாரியிடம் எதைக் கேட்பது என்பது அதனைப் பொறுத்தே அமையும்.

நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

1. உரிமம் வழங்கும் அதிகாரி. தமிழ்நாட்டில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் இப்பொறுப்பை வகிக்கிறார். மக்கள் ‘ஆர்.டி.ஓ.’ என்று அழைப்பது இவரைத்தான். சட்டத்தின் 19ஆம் பிரிவு இவருக்கு அதிகாரம் அளிக்கிறது.

2. நீதிமன்றம். வாகனம் தொடர்பான குற்றத்தில் ஒருவர் தண்டிக்கப்படும்போது, அபராதம் அல்லது சிறைத் தண்டனையுடன் தகுதியிழப்பையும் விதிக்க 20ஆம் பிரிவு இடமளிக்கிறது. போதையில் ஓட்டிய குற்றம் (185ஆம் பிரிவு) மெய்ப்பிக்கப்பட்டால், குறைந்தது ஆறு மாதத் தகுதியிழப்பை நீதிமன்றம் விதித்தே ஆகவேண்டும்.

3. சட்டமே நேரடியாக. ஆபத்தான முறையில் ஓட்டியதற்காக (184ஆம் பிரிவு) முன்பே தண்டனை பெற்ற ஒருவர், மீண்டும் அவ்வாறு ஓட்டி உயிரிழப்பையோ கொடுங்காயத்தையோ ஏற்படுத்தியதாக வழக்குப் பதிவானால், பதிவான நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அவருடைய உரிமம் தானாகவே நின்றுவிடும் என்று 21ஆம் பிரிவு கூறுகிறது.

காவல்துறை இப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 206(4)ஆம் பிரிவின்படி, சில குற்றங்களில் காவல் அலுவலர் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவது அவர் வேலை. முடிவெடுப்பது மற்றவர் வேலை. காவல்துறைக்கு உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை என்பதைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது.

உரிமத்தைக் கைப்பற்றுபவர் அதற்கான தற்காலிக ஒப்புகைச் சீட்டைத் தரவேண்டும். ஆனால் 206(4)இன்கீழ் தரப்படும் சீட்டைக் காட்டி வாகனம் ஓட்ட முடியாது. உரிமம் திரும்பக் கைக்கு வரும்வரை ஓட்டக்கூடாது என்று அப்பிரிவே கூறுகிறது. ‘சீட்டு இருக்கிறதே’ என்று நம்பி வண்டியை எடுப்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

எந்தெந்தக் காரணங்களுக்காக?

19(1)ஆம் பிரிவு பல காரணங்களைக் கூறுகிறது. குடிப்பழக்கத்துக்கோ போதைப் பொருளுக்கோ அடிமையானவர், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு வாகனத்தைப் பயன்படுத்தியவர், முந்தைய நடத்தையால் பொதுமக்களுக்கு ஆபத்தானவர் என்று காட்டியவர், மோசடியாக உரிமம் பெற்றவர் முதலியோர் இதில் அடங்குவர். மத்திய அரசு விதிகளில் குறிப்பிடும் தொல்லை தரும் அல்லது ஆபத்தான செயல்களும் ஒரு காரணமாகும். அச்செயல்களை விதி 21 பட்டியலிடுகிறது. வரம்பு மீறிய வேகம், சரக்கு வாகனத்தில் அதிக பாரம் ஏற்றுதல், சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுதல், போதையில் ஓட்டுதல், ஓட்டும்போது செல்பேசியைப் பயன்படுத்துதல், பயணிகளிடம் முறைகேடாக நடத்தல், கூடுதல் கட்டணம் கேட்டல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளவற்றுள் சில.

206(4)ஆம் பிரிவின்கீழ் உரிமம் கைப்பற்றப்படும் குற்றங்கள்: அதிவேகம் (183), ஆபத்தாக ஓட்டுதல் (184), போதையில் ஓட்டுதல் (185), பந்தயம் விடுதல் (189), பாதுகாப்பற்ற நிலையிலுள்ள வாகனத்தை ஓட்டுதல் (190), இருசக்கர வாகனத்தில் விதிமீறி ஆளேற்றுதல் (194-சி), தலைக்கவசம் அணியாமை (194-டி), அவசர ஊர்திக்கு வழிவிடாமை (194-இ). சிவப்பு விளக்கை மீறுவதும், ஓட்டும்போது கையில் செல்பேசியைப் பிடித்துப் பேசுவதும் ஆபத்தாக ஓட்டுதல் என்பதற்குள் வந்துவிடும்.

இவ்வாறு அனுப்பப்பட்ட உரிமத்தைப் பொறுத்தவரை, அதிகாரி ஓட்டுநரை நடவடிக்கையிலிருந்து விடுவிக்கலாம். அல்லது முதல் முறையாயின் மூன்று மாதத் தகுதியிழப்பு விதிக்கலாம். இரண்டாம் முறை முதல் உரிமத்தை ரத்துச் செய்யலாம். விடுவிப்பதும் சட்டம் தந்துள்ள ஒரு வழியே என்பதை நினைவில் வைக்க வேண்டும். நிறுத்துவது தவிர வேறு வழியே இல்லை என்று யாராவது கூறினால் அது சரியன்று.

உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, நீதிபதி கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் இயங்கியபோது, 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், அதிக பாரம், சரக்கு வாகனத்தில் ஆளேற்றுதல், போதையில் ஓட்டுதல், செல்பேசி பேசியபடி ஓட்டுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதன்பின் இத்தகைய உத்தரவுகள் பெருகின. ஆயினும், ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு இட்ட கட்டளை அப்படியேதான் உள்ளது.

அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

முடிந்துவிடாது. இதுவே பலர் அறியாத செய்தி. சாலையில் இணக்கக் கட்டணம் செலுத்திச் சில குற்றங்களை முடித்துக்கொள்ள 200ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனோடு இரண்டு வரம்புகளைச் சேர்த்தது. ஒன்று, அவ்வாறு கட்டணம் செலுத்திய குற்றமும் ‘முதல் குற்றம்’ என்று கணக்கில் சேரும். அடுத்த முறை அது இரண்டாம் குற்றமாகிவிடும். மற்றொன்று, கட்டணம் செலுத்தியதால் 206(4)இன்கீழான உரிம நடவடிக்கை நின்றுவிடாது.

போதையில் ஓட்டியதாக நீதிமன்றத்தில் நிறுத்தப்படுபவர்களில் சிலர், ‘ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் இன்றோடு தீர்ந்தது’ என்று எண்ணுகின்றனர். ஒப்புக்கொண்ட உடனே ஆறு மாதத் தகுதியிழப்பும் சேர்ந்தே வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீட்டு வழியும் சுருங்கிவிடுகிறது. எனவே ஒப்புக்கொள்வதா இல்லையா என்பதை வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டபிறகு முடிவு செய்வது நல்லது.

விளக்கம் கேட்கப்பட வேண்டிய உரிமை

இருதரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இயற்கை நீதியின் அடிப்படை விதி. 19ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகவே எழுதி வைத்துள்ளது. உரிமையாளருக்குத் தம் தரப்பைக் கூற வாய்ப்பளித்த பின்னரே அதிகாரி முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவுக்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்யவும் வேண்டும்.

கடவுச்சீட்டு முடக்கப்பட்டதை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் அளித்த தீர்ப்பு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒருவருடைய உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும், பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்பது அந்த நியாயத்தின் பகுதி என்றும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அரசு ஆவணம் ஒன்றை ஒருவரிடமிருந்து பறிக்கும் ஒவ்வொரு நேர்விலும் இத்தத்துவம் பேசப்படுகிறது.

ஆகவே ஓர் உத்தரவைச் சரிபார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. விளக்கம் கேட்கும் அறிவிப்பு எனக்கு வந்ததா? சரியான முகவரிக்கு வந்ததா?
2. எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த இடம், என்ன செயல் என்பவை அதில் தெளிவாக இருந்தனவா?
3. பதில் எழுதப் போதிய காலம் தரப்பட்டதா?
4. நான் கூறிய விளக்கத்தை உத்தரவு எடுத்துப் பேசுகிறதா, அல்லது அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பியுள்ளதா?
5. நிறுத்தக் காலம் எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிகிறது என்று எழுதப்பட்டுள்ளதா?

இவற்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்பது விடையானாலும், அது மேல்முறையீட்டில் எடுத்துவைக்கத்தக்க குறையாகும்.

அறிவிப்பு வந்தவுடன் செய்ய வேண்டியவை

அறிவிப்பைப் பெற்ற நாளை அதன் உறையின் மீதே எழுதி வைக்க வேண்டும். உறையையும் எறிந்துவிடக் கூடாது. அஞ்சல் முத்திரை பின்னர் சான்றாக உதவும். பதிலுக்குக் குறித்துள்ள கெடுவுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால் ஒப்புகையுடன் அனுப்ப வேண்டும். நேர்முக விசாரணை வேண்டும் என்றால் அதனையும் அக்கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இது விளக்கத்துக்காகக் கற்பித்துக்கொண்டது. செல்வம் என்பவர் ‘குட்டியானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி வைத்து, காய்கறி மண்டிக்குத் தக்காளி ஏற்றி வருகிறார். ஒரு நாள் காலை மண்டி வாசலில் வண்டியை நிறுத்தி, முறை வரும்வரை செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஓட்டும்போது பேசியதாக அவர்மீது வழக்கு எழுதப்பட்டது. சரக்கு நசுங்கிவிடுமே என்ற அவசரத்தில் அவர் அபராதத்தைக் கட்டினார், உரிமமும் கைப்பற்றப்பட்டது. இரு வாரம் கழித்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. ‘அதுதான் பணம் கட்டியாயிற்றே’ என்று அவர் அதனை அலமாரியில் வைத்துவிட்டால், பதில் இல்லாத நிலையிலேயே உத்தரவு பிறக்கும். மாறாக அவர் செய்யத்தக்கது பின்வருமாறு பதில் எழுதுவதாகும்:

“பெறுநர்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள். பொருள்: தங்கள் அறிவிப்புக்கு விளக்கம் அளித்தல். ஐயா, குறிப்பிட்ட நாள் காலை 10.40 மணிக்கு நான் செல்பேசியில் பேசியபடி வண்டி ஓட்டியதாக அறிவிப்பில் கூறப்பட்டுள்ளது. அன்று 10.25 மணிக்கு என் வண்டி மண்டிக்கு வந்து சேர்ந்து, 11.15 மணிக்கு வெளியேறியது. மண்டியின் வரவுச் சீட்டு நகலை இணைத்துள்ளேன். அந்நேரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது, எஞ்சின் ஓடவில்லை. உடனிருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் எழுத்து வாக்குமூலத்தையும் இணைத்துள்ளேன். சரக்கு கெட்டுவிடும் என்ற அச்சத்தால் அபராதம் செலுத்தினேனே தவிர, குற்றத்தை ஏற்றுக்கொண்டதால் அன்று. இதற்கு முன் என்மீது இத்தகைய வழக்கு எதுவும் இல்லை. வண்டி ஓட்டுவதே என் பிழைப்பு. ஆகவே நேர்முக விசாரணைக்கு வாய்ப்பளித்து, 19ஆம் பிரிவின் (1ஏ) உட்பிரிவின்படி என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இக்கடிதத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நேரம், இடம், சான்று, கோரிக்கை ஆகிய நான்கும் உள்ளன. அதிகாரி இதனை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டிய கடமை அவருக்கு உண்டு. மேல்முறையீட்டு அதிகாரி முதலில் படிப்பதும் இக்கடிதத்தைத்தான்.

குற்றம் உண்மையிலேயே நடந்திருந்தால் பொய் விளக்கம் எழுதக் கூடாது. அப்போதும் கேட்கத்தக்கவை உண்டு. இதுவே முதல் முறை என்பதைக் காட்டலாம். உரிமம் கைப்பற்றப்பட்ட நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிடுமாறு கோரலாம். ஏனெனில் அந்நாள் முதல் அவர் ஓட்ட முடியாமல்தான் இருக்கிறார். 19(1)ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கையாயின், எல்லா வகை வாகனங்களுக்கும் என்றில்லாமல் ஒரு வகைக்கு மட்டும் கட்டுப்படுத்துமாறும் கேட்கலாம். அதற்கு அப்பிரிவு இடம் தருகிறது.

மேல்முறையீடு

19(3)ஆம் பிரிவின்படி, உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாநில விதிகளில் குறிப்பிடப்பட்ட போக்குவரத்துத் துறை மேலதிகாரி இதனை விசாரிப்பார். யாரிடம், எந்த முகவரியில், என்ன கட்டணத்துடன் மனுச் செய்ய வேண்டும் என்பதை உத்தரவு வழங்கிய அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அம்மேலதிகாரி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்பி, கேட்டுக்கொள்ளும் தரப்பை நேரில் விசாரித்து, தமக்குச் சரியெனத் தோன்றும் உத்தரவைப் பிறப்பிப்பார். அவ்வுத்தரவே முடிவானது என்று சட்டம் கூறுகிறது.

மனுவுடன் இணைக்க வேண்டியவை: எதிர்க்கப்படும் உத்தரவின் நகல், விளக்கம் கேட்ட அறிவிப்பு, நாம் அளித்த பதில், அபராத ரசீது, ஒப்புகைச் சீட்டு, பிற சான்றுகள்.

மேல்முறையீடு தாக்கல் செய்த மாத்திரத்தில் உத்தரவு நின்றுவிடாது. ஆகவே விசாரணை முடியும்வரை உத்தரவை நிறுத்தி வைக்குமாறு தனியே ஒரு கோரிக்கையையும் சேர்க்க வேண்டும். மூன்று மாத நிறுத்தத்தை எதிர்த்த மனு நான்காம் மாதம் விசாரணைக்கு வந்தால் பயன் சிறிதே.

கோப்பு நகல் வேண்டுமெனில் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பதில் அளிக்க அலுவலகத்துக்கு 30 நாள் கெடு உண்டு. மேல்முறையீட்டுக்கும் அதே 30 நாள்தான் என்பதால், தகவல் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடக் கூடாது.

உயர் நீதிமன்றத்தை அணுகுதல்

அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். மேல்முறையீட்டு வாய்ப்பு இருக்கும்போது, முதலில் அங்கே செல்லுமாறு நீதிமன்றம் கூறுவது வழக்கம். ஆயினும் விளக்கமே கேட்காமல் உத்தரவிட்டது, அதிகாரம் இல்லாதவர் உத்தரவிட்டது போன்ற நேர்வுகளில் நேரடியாகவே மனுவை ஏற்பதுண்டு. தமிழ்நாட்டில் சென்னையிலும், தென்மாவட்டத்தார்க்கு மதுரைக் கிளையிலும் மனுச் செய்யலாம்.

உயிரிழப்பு விபத்துகளில் இவ்வழி அடிக்கடி பயன்படுகிறது. விபத்து நடந்து முதல் தகவல் அறிக்கை பதிவானவுடன், குற்ற வழக்கு முடியும் முன்பே உரிமம் நிறுத்தப்படுவதுண்டு. முதல் தகவல் அறிக்கை என்பது குற்றச்சாட்டின் தொடக்கமே. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதன் சான்றன்று. இதனைச் சுட்டிக்காட்டி, வழக்குப் பதிவானதை மட்டுமே காரணமாகக் கொண்ட நிறுத்த உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் நீக்கியுள்ளது. முன்பே தண்டனை பெற்றவருக்கு மட்டும்தான் வழக்குப் பதிவாலேயே உரிமம் தானாக நிற்கும் என்று 21ஆம் பிரிவு வரையறுத்திருப்பதும் இவ்வகை வழக்குகளில் வைக்கத்தக்க ஒரு வாதமாகும். எனினும் ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் ஒட்டியே முடிவு அமையும். ஓட்டுநரின் பக்கம் ஒரு குடும்பம் இருப்பது போலவே, இறந்தவரின் பக்கமும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை நீதிமன்றம் மறப்பதில்லை.

நீதிமன்றமே விதித்த தகுதியிழப்பு

20ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் தகுதியிழப்பு விதித்திருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையிட்டுப் பயனில்லை. அந்நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தையே அணுக வேண்டும். தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இடமில்லாத நேர்விலும், தகுதியிழப்பு உத்தரவை மட்டும் நீக்கவோ மாற்றவோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 20ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

இலவச சட்ட உதவி

வறுமையால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பதற்காக, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் அரசமைப்புச் சட்டத்தில் 39-ஏ உறுப்பு சேர்க்கப்பட்டது. அதனைச் செயற்படுத்த 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் ஆணைக்குழுக்களும் வட்ட அளவில் குழுக்களும் இயங்குகின்றன. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் காணலாம். 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இவ்வுதவிக்கு உரியவர்களை 12ஆம் பிரிவு வரையறுக்கிறது:

பட்டியல் சாதியினர், பழங்குடியினர்;
பெண்கள், குழந்தைகள்;
மாற்றுத்திறனாளிகள்;
ஆள் கடத்தலுக்கோ கொத்தடிமை முறைக்கோ ஆளானவர்கள்;
பேரிடர், சாதி வன்கொடுமை முதலியவற்றால் பாதிக்கப்பட்டவர்கள்;
தொழிற்சாலைத் தொழிலாளர்கள்;
காவலில் உள்ளவர்கள்;
மாநில அரசு நிர்ணயித்த வரம்புக்குக் குறைவான ஆண்டு வருமானம் உடையவர்கள்.

பெண் ஓட்டுநர் ஒருவர் தம் வருமானம் எவ்வளவாயினும் இவ்வுதவியைக் கேட்கலாம். வருமான வரம்பின் அடிப்படையில் கேட்பவர் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரத்தையே, அதனை நம்பாதிருக்கக் காரணம் இல்லாவிட்டால், போதிய சான்றாகக் கொள்ளலாம் என்று 13ஆம் பிரிவு கூறுகிறது.

‘இது நீதிமன்ற வழக்கல்லவே, ஆர்.டி.ஓ. அலுவலக விஷயத்துக்கு எப்படி வழக்கறிஞர் தருவார்கள்?’ என்ற ஐயம் எழலாம். அச்சட்டம் ‘சட்டப்பணி’ என்பதை நீதிமன்றத்தில் மட்டுமின்றி, பிற அதிகார அமைப்புகள், தீர்ப்பாயங்கள் முன் நடக்கும் நடவடிக்கைகளையும், சட்ட ஆலோசனை வழங்குவதையும் சேர்த்தே வரையறுக்கிறது. எனவே விளக்கக் கடிதம் எழுதுவதற்கும், மேல்முறையீட்டு மனுவுக்கும், ரிட் மனுவுக்கும் உதவி கோரலாம். விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறினாலும் அங்குள்ளவர்கள் எழுதிக்கொள்வர். கோரிக்கையில் வழக்குத் தொடரத்தக்க அடிப்படை உள்ளதா என்று பார்த்து, ஆணைக்குழு வழக்கறிஞரை நியமிக்கும்.

கட்டணம் கொடுத்து வழக்கறிஞரை அமர்த்துதல்

அவ்வாறு அமர்த்துபவர், மோட்டார் வாகன வழக்குகளிலும் ரிட் மனுக்களிலும் பழக்கம் உள்ளவரைத் தேடுவது நலம். மொத்தக் கட்டணம் எவ்வளவு, அது எந்தக் கட்டம் வரைக்கும், 30 நாள் கெடு எந்நாளில் முடிகிறது என்ற மூன்றையும் முதல் சந்திப்பிலேயே பேசிவிட வேண்டும். மூல ஆவணங்களைக் கொடுக்காமல் நகல்களைக் கொடுப்பதே முறை. வெற்றுத்தாளில் கையொப்பம் இடக் கூடாது.

அலுவலக வாசலில் நின்று ‘உள்ளே ஆள் இருக்கிறார், நாளைக்கே லைசென்ஸை வாங்கித் தருகிறேன்’ என்று கூறும் புரோக்கர்களை நம்பக் கூடாது. உத்தரவு கணினிப் பதிவில் ஏறிவிட்டபின் அட்டை மட்டும் கைக்கு வந்து பயனில்லை. சோதனையின்போது பதிவு காட்டிக்கொடுத்துவிடும். கொடுத்த பணமும் போகும். கையூட்டுக் கொடுத்த குற்றமும் சேரும்.

நிறுத்தக் காலத்தில் ஓட்டினால்

தகுதியிழப்புக் காலத்தில் வாகனம் ஓட்டுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 182ஆம் பிரிவு வகை செய்கிறது. அதனினும் பெரிய ஆபத்து காப்பீட்டில் உள்ளது. தகுதியிழந்தவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் அதனையே காரணம் காட்டித் தன் பொறுப்பை மறுக்க 150ஆம் பிரிவு இடமளிக்கிறது. அப்போது இழப்பீட்டுச் சுமை வாகன உரிமையாளர் தலையில் விழக்கூடும். மூன்று மாதம் பொறுக்காமல் எடுத்த ஒரு நாள் வண்டி, வீட்டையே விற்க வைக்கலாம்.

காலம் முடிந்தபின்

நிறுத்தக் காலம் முடிந்தாலும் உரிமம் தானே வீடு தேடி வராது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தால்தான் உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆகவே காலம் முடிவதற்கு முன்பே பயிற்சி எங்கே நடைபெறுகிறது என்று விசாரித்து, முடித்த சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால், மேலும் நாள்கள் வீணாகாது. திரும்பப் பெற்றபின், இணையப் பதிவில் நிறுத்தம் நீக்கப்பட்டுவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு

குடிமையியல் பாடத்தில் இயற்கை நீதி, ரிட் மனு, இலவச சட்ட உதவி என்று படிக்கும் மூன்றும், ஒரு சிறு அட்டையின் பொருட்டு ஒரே இடத்தில் சந்திப்பதை இங்கே காணலாம். வீட்டில் தந்தைக்கோ அண்ணனுக்கோ இத்தகைய அறிவிப்பு வந்தால், அதிலுள்ள தேதியையும் பிரிவு எண்ணையும் படித்துச் சொல்லி, பதில் எழுத உதவுங்கள். கெடு தவறுவதற்குப் பல வீடுகளில் காரணம் அலட்சியமன்று. அறிவிப்பின் மொழி புரியாமையே. முதல் நாளிலேயே படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால், பதில் எழுத நேரமிருக்கும்.